பெற்றோரின் ஐ-94: வயதுக்கு மரியாதை உண்டு, விலக்கு இல்லை

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் நம்மூர்ப் பெற்றோரில் பெரும்பாலோருடைய பாஸ்போர்ட்டில் பத்து வருட விசிட்டர் விசா ஒட்டியிருக்கும். "பத்து வருஷத்துக்குத்தான் விசா இருக்கே, அப்புறம் என்ன?" என்ற நினைப்பில்தான் பல குடும்பங்களின் சிக்கல் தொடங்குகிறது. அந்த விசா, விமானம் ஏறி வந்து வாசலில் நிற்பதற்கு மட்டுமே உதவும். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை முடிவு செய்பவர் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. அவர் கொடுக்கும் தேதி ஐ-94 என்ற பதிவில் ஏறும். சாதாரணமாக ஆறு மாதம் கொடுப்பார்கள். அந்தத் தேதி முடிந்து மறுநாளும் இங்கே இருந்தால் அது ஓவர்ஸ்டே.

நான் நீண்ட காலமாக நியூ ஜெர்சியில் வசிப்பவள். வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் வகுப்பெடுக்கிறேன். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாத்தா பாட்டிகளோடு வகுப்பு முடியும்வரை பேசிக்கொண்டிருப்பது பழக்கம். அந்தப் பேச்சு மெல்ல மெல்ல "இந்தத் தாளைக் கொஞ்சம் பாரேன்மா" என்பதில் வந்து நிற்கும். படிவம் நிரப்ப, கடிதம் வாங்க, வக்கீலிடம் கூட்டிப்போக என்று நிறையக் குடும்பங்களுக்குத் துணையாக இருந்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்ட ஆலோசனை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. எந்த இடத்தில் கவனம் தவறுகிறது, எந்த இடத்தில் வக்கீலைத் தேடி ஓட வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இத்தனை குடும்பங்களைப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. இங்குள்ள அதிகாரிகள் பெரும்பாலும் முதியவர்களிடம் மரியாதையாகப் பேசுவார்கள், உட்கார நாற்காலி கொடுப்பார்கள், சக்கர நாற்காலியில் வருபவரை வரிசையில் முன்னால் விடுவார்கள். ஆனால் தேதி தாண்டியவர் முதியவர் என்பதற்காகச் சட்டம் தளர்வதில்லை. நம் ஆட்கள் அந்த மரியாதையைப் பார்த்துவிட்டு, "வயசானவங்களை யார் என்ன செய்யப் போறாங்க" என்று இருந்துவிடுகிறார்கள். 2025 மே மாதத்தில் டெல்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகம், அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கினால் நாடு கடத்தப்படலாம், மறுபடி வரத் தடை விதிக்கப்படலாம் என்று வெளிப்படையாகவே எச்சரித்தது. அந்த எச்சரிக்கையிலும் வயதுக்கென்று தனி வரி எதுவும் இல்லை.

முதல் வாரத்திலேயே தேதியை எடுத்து வையுங்கள்

முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் வெள்ளை அட்டை ஒன்றைச் செருகித் தருவார்கள். விமானத்தில் வருபவர்களுக்கு 2013 முதல் அது கிடையாது. எல்லாம் கணினிப் பதிவு. இப்போது முத்திரை குத்துவதும் பல இடங்களில் குறைந்துவிட்டது. ஆகவே பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துத் தேதியைத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்ப முடியாது.

அம்மா அப்பா வந்து சேர்ந்த வாரத்திலேயே, சுங்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் அரசு இணையதளத்தில் அவர்களுடைய ஐ-94ஐ எடுங்கள். அரசுத் தளத்தில் அதைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. பணம் கேட்கும் தளம் என்றால் தவறான இடத்துக்குப் போய்விட்டீர்கள். எடுத்த தாளில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், எந்த வகை விசா, எந்தத் தேதி வரை என்ற ஐந்தையும் சரிபாருங்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். ஊரிலிருந்து வந்தவர் 04/09 என்பதைச் செப்டம்பர் நான்கு என்று படிப்பார். இங்கே அது ஏப்ரல் ஒன்பது. அதனால் மாதத்தின் பெயரைத் தமிழில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

கணவனும் மனைவியும் ஒன்றாக வந்தாலும் இருவருக்கும் ஒரே தேதிதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். மாமாவின் தாளில் ஆறு மாதம். மாமியின் பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாக இருந்ததால் அவருக்குக் கொடுத்த தேதி மாமாவின் தேதிக்கு முன்பே முடிந்தது. மகன் அப்பாவின் தாளை மட்டும் பார்த்துவிட்டு இருவருக்கும் ஒன்றாகத் திரும்பும் டிக்கெட் எடுத்திருந்தான். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நேரம் இருந்ததால் மாமியின் டிக்கெட்டை மாற்ற முடிந்தது. ஊரிலிருந்து கிளம்புமுன் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு வருவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

பதிவில் பிழை இருந்தால் சும்மா இருக்காதீர்கள். பெரிய விமான நிலையங்களை ஒட்டி, நுழைவுப் பதிவுகளைத் திருத்துவதற்கென்றே 'டெஃபர்ட் இன்ஸ்பெக்ஷன்' என்ற அலுவலகம் இருக்கும். பாஸ்போர்ட்டோடும் விமான டிக்கெட்டோடும் போனால் அதிகாரி செய்த பிழையைத் திருத்தித் தருவார்கள். காலம் முடியும் நேரத்தில் போய் நின்றால் விளக்கம் சொல்லியே களைத்துப்போவீர்கள்.

இன்னொன்று. நயாகராவின் கனடா பக்கம் போய்விட்டு வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. கனடாவுக்கோ மெக்ஸிகோவுக்கோ சில நாள் போய்விட்டுத் திரும்புபவரைப் பழைய தேதியோடேயே உள்ளே விட அதிகாரியால் முடியும். அருவியை ஆசைதீரப் பார்த்துவிட்டு வாருங்கள். தேதியைத் தள்ளிப்போட அதை நம்பாதீர்கள்.

சட்டம் போடும் கணக்கு

தேதி தாண்டி ஒரே ஒரு நாள் இருந்தாலும், பாஸ்போர்ட்டில் இருக்கும் அந்தப் பத்து வருட விசா சட்டப்படி செல்லாததாகிவிடும். அடுத்த முறை வர வேண்டுமென்றால் சொந்த நாட்டுத் தூதரகத்தில் மறுபடி விண்ணப்பித்து, ஏன் தாண்டியது என்று பதில் சொல்ல வேண்டும்.

180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று வருடம் திரும்பி வரத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். 1996ல் இயற்றிய சட்டம் இது. 1997 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாள்கள் எண்ணப்படுகின்றன. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு இந்தக் கணக்கிலிருந்து விலக்கு உண்டு. எழுபது தாண்டியவர்களுக்கு அப்படியொரு விலக்கு கிடையாது. முப்பது வயதுக்காரருக்குப் பத்து வருடத் தடை என்பது நாற்பதில் முடியும். எழுபத்திரண்டு வயது அம்மாவுக்கு அதே பத்து வருடம் என்ன பொருள் தரும் என்று ஒவ்வொரு பிள்ளையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் தடை வெளியே போகும்போதுதான் விழுகிறது. அதனால் தேதி தாண்டிய முதியவர்கள் பயந்துகொண்டு உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா மகளின் பிரசவத்துக்கென்று மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். முதல் குழந்தை பிறந்தது, மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, பிறகு இரண்டாவது குழந்தை. தேதி எப்போதோ போய்விட்டது. போனால் திரும்ப வர முடியாது என்பதால் வருடங்கள் ஓடின. ஊரில் அவருடைய அக்கா காலமான அன்று, மகள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி அலைபேசித் திரையில் கடைசியாக முகம் பார்த்தார். அடுப்பில் பேரனுக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. "நான் போயிருந்தா யாரு இதைச் செய்வாங்க, சொல்லு" என்று என்னிடம் கேட்டார். எந்த அதிகாரியும் அவர் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனாலும் அவர் உள்ளூர் விமானத்தில்கூட ஏற மாட்டார், காவலரைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வார். கைது, நாடு கடத்தல் என்பவை செய்தியில் வருபவை. நான் அதிகம் பார்த்தது, வீட்டுக்குள்ளேயே இப்படிச் சுருங்கிப்போன முதுமையைத்தான்.

நோய் வந்தால் முதலில் செய்ய வேண்டியது

முதியவர்கள் தேதி தாண்டுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் உடல்நலம். மாரடைப்பு, பக்கவாதம், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது. குடும்பம் முழுவதும் ஆஸ்பத்திரியில் நிற்கும்போது ஐ-94 யாருக்கும் நினைவில் இருக்காது. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது: ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே, குடும்பத்தில் ஒருவர் தேதியின் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து, சாப்பாடு, இன்சூரன்ஸ் ஆகியவற்றை மற்றவர்கள் பார்க்கட்டும்.

எக்ஸ்டென்ஷன் கேட்கும் படிவத்துக்கு ஐ-539 என்று பெயர். தேதி முடிவதற்குள், குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். துறைக்கு அது போய்ச் சேர வேண்டும். குறைந்தது 45 நாளுக்கு முன்பே அனுப்புங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி இணையத்தில் 420 டாலர், தாளில் 470 டாலர். கட்டணம் மாறும், அனுப்பும் நாளில் அரசுத் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்து கேட்கலாம். ஆறு மாதம் வரை நீட்டிப்பு கேட்கலாம். ஏன் வேண்டும், அதுவரை செலவுக்கு என்ன வழி, எப்போது திரும்புவார், ஊரில் அவருக்கு என்ன இருக்கிறது என்ற நான்குக்கும் பதிலும் சான்றும் வைக்க வேண்டும்.

டாக்டர் கடிதம் இதில் மிக முக்கியம். திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு மாமாவுக்குப் பக்கவாதம் வந்து மறுவாழ்வு மையத்தில் இருந்தார். முதலில் வாங்கிய கடிதத்தில், "இவர் என் சிகிச்சையில் இருக்கிறார்" என்று ஒரே வரி. அதைப் படிக்கும் அதிகாரிக்கு அவர் ஏன் விமானம் ஏற முடியாது என்று எப்படித் தெரியும்? மையத்திலிருந்த சமூகப் பணியாளரிடம் எடுத்துச் சொன்னோம். இரண்டாவது கடிதத்தில் என்ன நோய், எந்தத் தேதியில் வந்தது, இப்போது எந்த நிலை, நீண்ட விமானப் பயணம் ஏன் ஆபத்து, ஏறக்குறைய எந்த மாதத்தில் பயணம் செய்யலாம் என்று ஐந்து விஷயங்களும் வரிசையாக இருந்தன. அதோடு மகளின் வருமானச் சான்று, ஊரிலுள்ள வீட்டின் பட்டா, ஓய்வூதியப் புத்தகத்தின் நகல், திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை வைத்தோம். தமிழில் இருந்தவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர்த்தோம். நீட்டிப்பு கிடைத்தது. மாமா நலமாகி ஊர் போய்ச் சேர்ந்தார்.

தேதி ஏற்கெனவே முடிந்துவிட்டதென்றால்? கையை மீறிய அசாதாரணக் காரணத்தால் தாமதம் ஆனது, அந்தக் காரணத்துக்கு ஏற்ற அளவே தாமதம், வேறு எந்த விதியையும் மீறவில்லை என்று காட்ட முடிந்தால், தாமதமாக வந்த விண்ணப்பத்தையும் ஏற்க அதிகாரிக்கு இடம் இருக்கிறது. 2020 மார்ச்சில் இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்தியபோது எத்தனையோ பெற்றோர் இங்கே மாட்டிக்கொண்டார்கள். அந்த ஏப்ரலில், கொரோனாவால் தாமதமானவர்களுக்கும் இந்த விதி பொருந்தும் என்று துறையே அறிவித்தது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அது பெரிய உதவி. "எல்லாருக்கும்தானே இந்த நிலைமை" என்று எதுவும் அனுப்பாமல் இருந்தவர்களிடம் பிறகு காட்ட ஒரு தாளும் இல்லை. ஆகவே தேதி போய்விட்டதே என்று விட்டுவிடாமல், உடனே வக்கீலிடம் காட்டி, சான்றுகளோடு அனுப்புங்கள்.

விண்ணப்பம் காத்திருக்கிறது என்றால் காலம் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல

நேரத்துக்குள் அனுப்பிய ஐ-539 முடிவாகாமல் இருக்கும் வரை, மேலே சொன்ன 180 நாள் கணக்கு ஓடாது. இதைக் கேட்டதும் சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். நிராகரித்தால் மறுநாளிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கும். 2025 பிப்ரவரி இறுதியில் வந்த கொள்கைக் குறிப்பின்படி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, இங்கே தங்க வேறு உரிமையும் இல்லாதவருக்குக் குடிவரவு நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை யு.எஸ்.சி.ஐ.எஸ். துறையே அனுப்பலாம். அதனால் கேட்ட காரணம் தீர்ந்ததும் முடிவுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிடுவது நல்லது. பக்கவாதம் வந்த அந்த மாமாவின் டாக்டர் பயணம் போகலாம் என்று சொன்ன வாரத்திலேயே டிக்கெட் எடுக்கச் சொன்னேன்.

விண்ணப்பம் கிடைத்ததற்கான ரசீதைப் பெற்றோர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். திரும்பிய விமானத்தின் போர்டிங் பாஸையும் எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது இமிக்ரேஷன் கவுன்டரில் யாரும் முத்திரை குத்துவதில்லை. பெரும்பாலும் விமான நிறுவனம் அனுப்பும் பட்டியலை வைத்தே வெளியேறியது பதிவாகிறது. அதில் விடுபட்டால், போனதற்குச் சான்று உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

விமான நிலையத்தில் கேட்கும் கேள்விகள்

ஓவர்ஸ்டே செய்யாதவர்களும் இங்கே சிக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் முழுக்க இருந்துவிட்டு, சில வாரம் ஊரில் இருந்துவிட்டு மறுபடி வருபவரை, "இவர் பார்க்க வருகிறாரா, குடியிருக்கிறாரா?" என்று அதிகாரி சந்தேகப்படுவார். இங்கே இருந்த அளவு காலமாவது ஊரில் இருந்துவிட்டு வருவது நல்லது என்று பலரும் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் சந்தேகத்தைக் குறைக்கும் நல்ல பழக்கம் அது.

ஓர் அம்மாவைத் தனி அறைக்கு அழைத்துப்போய் விசாரித்த கதையை அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அதிகாரி தண்ணீர் கொடுத்திருக்கிறார். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருக்கிறார். கைப்பையில் பேத்தியின் பள்ளி நேர அட்டவணை இருந்தது. "மகள் வேலைக்குப் போகும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டதற்கு, "நான்தான்" என்றார் அம்மா. அது உண்மை. கூலி வாங்காமல் பாட்டி பேத்தியோடு இருப்பது குற்றமும் இல்லை. ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகவே மாதக்கணக்கில் வருகிறார் என்று தோன்றினால், வந்த நோக்கத்தையே அதிகாரி சந்தேகிப்பார். நெடுநேரம் உட்காரவைத்துவிட்டு அம்மாவை உள்ளே விட்டார்கள். கொடுத்த காலம் ஆறு மாதத்தை விடக் குறைவு. மகள் அன்று இரவே ஐ-94ஐப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.

பெற்றோருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உண்மையை மட்டும் சொல்லுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் தலையாட்டாமல், "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். திரும்பும் டிக்கெட், மகன் அல்லது மகளின் முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளைக்கான மருந்தும் கண்ணாடியும் கைப்பையில் இருக்கட்டும். விசிட்டராக வருபவருக்கு அந்த அறையில் பொதுவாக வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. உள்ளே விட முடியாது என்று முடிவானால், அதிகாரி நீதிபதியிடம் அனுப்பாமலே திருப்பி அனுப்பும் ஆணை போடலாம், அதற்கு ஐந்து வருடத் தடை உண்டு. "நுழைவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஊருக்குப் போகிறேன்" என்று கேட்கவும் வழி இருக்கிறது. அனுமதிப்பது அதிகாரியின் விருப்பம், விசாவும் பெரும்பாலும் ரத்தாகும். ஆனாலும் ஐந்து வருடத் தடை விழாது. திரும்பப் பெறுவதாகக் கேட்கும் அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் அம்மா அப்பாவுக்குக் கிளம்புமுன்பே சொல்லிக்கொடுங்கள்.

க்ரீன் கார்டு வைத்திருக்கும் பெற்றோருக்கு

இவர்களின் சிக்கல் நேரெதிர்: ஊரில் அதிக நாள் இருந்துவிடுவது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டு வந்தால் கேள்விகள் வரும். ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆனால் அந்தக் கார்டை மட்டும் காட்டி உள்ளே வர முடியாது. நீண்ட காலம் ஊரில் இருக்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால், அமெரிக்காவில் இருக்கும்போதே ஐ-131 படிவத்தில் ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

விமான நிலையத்தில் சில முதியவர்களிடம் ஐ-407 என்ற படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதாக 2025ல் இந்தியக் குடும்பங்களிடையே பரவலாகப் பேச்சு எழுந்தது. க்ரீன் கார்டை நானே விருப்பத்தோடு ஒப்படைக்கிறேன் என்பதுதான் அதன் சாரம். அதில் கையெழுத்துப் போட யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நிரந்தர வசிப்புரிமை போய்விட்டதா என்று முடிவு செய்யும் அதிகாரம் குடிவரவு நீதிபதிக்குத்தான். "கையெழுத்துப் போட மாட்டேன், நீதிபதி முன் விசாரணை வேண்டும்" என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. பதினெட்டு மணி நேரம் பயணம் செய்து, கால் வீங்கி, ஆங்கிலமும் சரியாக வராமல் நிற்கும் எழுபது வயதுக்காரருக்கு இது அந்த நேரத்தில் தோன்றாது. ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்து அனுப்புங்கள்.

ஏற்கெனவே தேதி தாண்டியவர்களுக்கு

முதல் அறிவுரை: அவசரப்பட்டு விமானம் ஏறாதீர்கள், அவசரப்பட்டு எந்தப் படிவமும் அனுப்பாதீர்கள். முதலில் குடிவரவு வக்கீலைப் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. அமெரிக்கக் குடிமகனான, இருபத்தொரு வயது நிரம்பிய மகனோ மகளோ இருந்தால், முறையாக விசாவோடு சோதனை முடித்து உள்ளே வந்த பெற்றோர், தேதி தாண்டியிருந்தாலும் பொதுவாக இங்கிருந்தே க்ரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க இடம் உண்டு. அந்த வழி திறந்திருக்கும் ஒருவர், பயந்துபோய் டிக்கெட் எடுத்து வெளியே போய்விட்டால், தாண்டிய நாள்களைப் பொறுத்து, போகாமல் இருந்திருந்தால் விழாத மூன்று அல்லது பத்து வருடத் தடையைத் தானே வரவழைத்துக்கொள்ளக்கூடும். மறுபக்கம், பிள்ளை க்ரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் பெற்றோருக்கு விண்ணப்பிக்க முடியாது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கும் முடியாது. அவர்களுடைய பெற்றோர் 180 நாளைத் தாண்டுவதற்கு முன் கிளம்புவதும் தாண்டிய பின் கிளம்புவதும் ஒன்றல்ல. இதையெல்லாம் தேதிகளை மேசையில் வைத்து வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். "வரும்போதே தங்கும் எண்ணத்தோடு வந்தாரா?" என்ற கேள்வியும் வரும். அதற்கும் உண்மையான பதில் வேண்டும்.

வக்கீல் என்று சொல்லிக்கொள்பவரிடம் எந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவர் என்று கேளுங்கள். படிவம் நிரப்பித் தரும் கடைக்காரர், 'நோட்டரி' என்ற பலகை வைத்திருப்பவர், உறவுக்காரரின் நண்பர் ஆகியோர் வக்கீல் ஆக மாட்டார்கள். வசதியில்லாதவர்களுக்கு, நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் உண்டு. அவர்கள் பட்டியல் அரசுத் தளத்திலேயே கிடைக்கும்.

பெற்றோரிடம் கேளுங்கள்

இத்தனை விதிகளையும் தெரிந்துகொண்ட பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் பார்த்த ஓவர்ஸ்டேக்களில் பலவற்றில், தங்குவதென்று முடிவெடுத்தவர் அந்த முதியவர் இல்லை. பாஸ்போர்ட் மகனின் மேசை இழுப்பறையில் இருக்கும். டிக்கெட்டை மாற்றியது மருமகள். காரணம் பேரனின் டேகேர் செலவு. ஆனால் தடை விழுவது அம்மாவின் பெயரில். அதிகாரி முன் நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், கோயில் கொடைக்கும் தங்கை பேத்தி கல்யாணத்துக்கும் போக முடியாமல் இருக்கப்போவதும் அவர்தான்.

அதனால் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: டிக்கெட் எடுப்பதற்கு முன் அம்மாவையும் அப்பாவையும் தனித்தனியாக உட்காரவைத்து, எவ்வளவு நாள் இருக்க ஆசை, எப்போது திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் அந்தச் செலவை உங்கள் கணக்கில் எழுதுங்கள், அவர்கள் ஐ-94ல் எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டையும் தேதி எழுதிய தாளையும் அவர்கள் பெட்டியிலேயே வையுங்கள். எழுபது வயதில் வங்கிக் கணக்கும் நில விவகாரமும் பார்த்தவர்களுக்கு ஒரு தேதியை நினைவில் வைக்கத் தெரியும்.

பெற்றோருக்கும் ஒன்று. "பசங்க பாத்துக்குவாங்க" என்று விட்டுவிடாதீர்கள். எந்தத் தேதி வரை இருக்கலாம் என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாள் நெருங்கும்போது, "எனக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்று வாய்திறந்து கேளுங்கள். அப்படிக் கேட்பது பிள்ளைகள் மேல் பாசம் இல்லாததாகாது. அடுத்த வருடமும் அதே விசாவில் வந்து பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கான வழி அதுதான்.